லுவோயாங்கில் கொட்டிய சாறு

சியாவ் ஃபூலின் என்று பெயர் சொன்னால் ஷியான்யாங் நெசவாலைக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. சியாவ் மாஸ்டர் என்றால் நண்டு சிண்டுகூட வீட்டைக் காட்டிவிடும். ஆலை உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கையைவிட மூக்குக்குத்தான் பேர் அதிகம். ஒரு கோடையில், ஷிப்டுக்குப் போகவிருந்த காளான் குழம்பின் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் பட்ட மாத்திரத்தில், "இத ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதில் விஷக் காளான் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையை ஆலை மூடி இத்தனை வருடம் ஆன பிறகும் ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த மூக்கு, போன குளிர்காலத்தோடு செத்துப்போனது. ஒரு வாரக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியதும் மனைவி சாய்லிங் இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி கொடுத்தாள். வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. நாக்கில் உப்புத் தெரிந்தது, புளிப்புத் தெரிந்தது, மிளகாய் எரித்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. பூண்டு, எள்ளெண்ணெய், அன்னாசிப்பூ எல்லாம் வெறும் பெயர்களாகிவிட்டன. தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத மருத்துவமனையாகப் பார்த்து, ஊரின் மறுகோடிக்குப் போய்க் காட்டினார். "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் டாக்டர். யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று வெளியே வரும்போதே முடிவு செய்துகொண்டார். பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. கண் போனவனைப் பார்த்தால் ஊர் இரங்கும். மூக்குப் போன சமையல்காரனைப் பார்த்தால் சிரிக்கும் என்று அவருக்கு ஒரு பயம்.

வசந்தம் வந்ததும் பாங் அக்கா கிளம்பிவிட்டார். ஆலையில் சங்கத் தலைவியாக இருந்தவர். இப்போதும் நாலு பேரைச் சேர்த்து எங்காவது இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இந்த வருடம் லுவோயாங். பியோனிப் பூப் பார்க்கலாம், லுங்மென் புத்தர் குகைக்குப் போகலாம், முக்கியமாக, பழைய நகரத்தில் உட்கார்ந்து நீர்விருந்து சாப்பிடலாம். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒன்றின்பின் ஒன்றாகச் சாறும் குழம்புமாக வந்துகொண்டே இருக்கும் விருந்து அது.

"முட்டி வலிக்குது, நான் வரல" என்று பார்த்தார் சியாவ் மாஸ்டர்.

"நாங்க என்ன உங்களை மலை ஏறவா கூப்பிடுறோம்? உட்கார்ந்து திங்கத்தான கூப்பிடுறோம்" என்றார் பாங் அக்கா. "மாஸ்டர் இல்லாம லுவோயாங்குக்குப் போயி நாங்க என்னத்த வாயில வெக்க? எது நல்லது எது சொத்தைன்னு யார் சொல்லுவா?"

சாய்லிங் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

வேக ரயிலில் போனால் சீட்டாட்டம் சூடுபிடிப்பதற்குள் ஊர் வந்துவிடும் என்று, வேண்டுமென்றே பழைய பச்சை ரயிலில் கிளம்பினார்கள். எதிரெதிர் இருக்கை, நடுவில் சின்ன மேசை. ரயில் நகர்ந்ததுதான் தாமதம், பைகள் திறந்துகொண்டன. டீயில் அவித்த முட்டை, சூரியகாந்தி விதை, காரம் தடவிய வாத்துக் கழுத்து. தறிப் பிரிவில் மேஸ்திரியாக இருந்த மெங், காகிதம் சுற்றிய ஒரு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரையே பார்த்தார். ஆலையில் இருந்த காலம் முதல் மெங்குக்கும் மாஸ்டருக்கும் வாய்ச்சண்டை ஓய்ந்ததில்லை.

"நானே போட்ட முள்ளங்கி ஊறுகாய். உன் பெரிய மூக்கை வெச்சு ஒரு வார்த்தை சொல்லு பார்ப்போம். உண்மையைச் சொல்லணும், முகத்துக்காகச் சொல்லக்கூடாது."

சுற்றி இருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்ப்பது போல் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மென்றார். புளிப்பு, உப்பு, பல்லில் ஒரு 'நறுக்'. நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதை எவனும் சொல்வான். குறை சொல்பவனைத்தான் தெரிந்தவன் என்று உலகம் நம்புகிறது.

"அவசரப்பட்டுட்ட. இன்னும் ஒரு வாரம் ஊறியிருக்கணும்" என்றார் குருட்டாம்போக்கில்.

மெங் தொடையில் தட்டினார். "யோவ், எப்படிய்யா கண்டுபிடிச்ச? இந்தப் பயணத்துக்குன்னுதான் முன்னாடியே திறந்தேன். என் பொண்டாட்டிக்கூடத் தெரியாது."

பெட்டியே சிரித்தது. பக்கத்து வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் எட்டிப் பார்த்து, "இவரு யாரு?" என்று கேட்க, பாங் அக்கா காளான் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மஞ்சள் மண் மேடுகள் ஓடின. வெட்கப்பட வேண்டிய மனிதருக்கு அந்த நேரம் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது. சாய்லிங் ஒரு முட்டையை உரித்து அவர் கையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் பழைய நகரத்தில் ஒரு கடையில் மாடியை மொத்தமாகப் பிடித்திருந்தார் பாங் அக்கா. பெரிய கடை இல்லை. அப்பாவிடமிருந்து மகன் கைக்கு வந்த கடை. பூக்காலம் என்பதால் படிக்கட்டு வரை கூட்டம். முதலில் முள்ளங்கியை நூலாகச் சீவிச் செய்த சாறு, மேலே முட்டையில் பூப்போல ஒரு அலங்காரத்தோடு வந்தது. பிறகு வரிசையாகக் கிண்ணங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாரும் உறிஞ்சினார்கள், மூக்கைத் துடைத்தார்கள், ஆகா என்றார்கள். புளிப்புச் சாற்றில் இறைச்சித் துண்டுகள் மிதக்கும் கிண்ணம் வந்தபோது பாங் அக்கா கைபேசியைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கினார். ஆலைக்காரர்கள் குழுவில் போடுவதற்கு.

"எல்லாரும் நிறுத்துங்க. மாஸ்டர் இன்னும் வாயத் திறக்கல. மாஸ்டர், லுவோயாங் சாறு எப்படி?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் கிண்ணத்தைத் தூக்கி, கண்ணை மூடி, மூக்கை நீட்டி, ஒரு வாய் குடித்தார். சூடு. வினிகர். மிளகுக் காரம். ஒரு நொடி, 'அருமை' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ரயிலில் கிடைத்த ருசி அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

"சாறு நேத்து வெச்சது" என்றார். "லேசா ஊசியிருக்கு. வினிகரை ஊத்தி மறைச்சிருக்காங்க."

 மெங் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் கடைசியில ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் ஒருவர். அதுவரை இரண்டு கிண்ணம் காலி செய்தவர் அவர்தான். பாங் அக்கா எழுந்தே விட்டார். படிக்கட்டுப் பக்கம் போய்க் குரல் கொடுக்க, கடை முதலாளி ஓடி வந்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எல்லா மேசைக்கும் இதே சாறுதான் அடிப்படை, இது கெட்டது என்றால் விருந்தே கெட்டது. கையில் கைபேசியோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ருய்பிங் அக்கா, மேல வாங்க" என்று கத்தினான்.

சமையலறையிலிருந்து வந்தவளுக்கு நாற்பது சொச்சம் வயது. ஈரக் கையை முன்துணியில் துடைத்தபடி நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. நேராக மாஸ்டரிடம் வந்தாள்.

"ஐயா, இன்னிக்கு விடியக்காலம் எலும்பு போட்டு நானே பக்கத்துல நின்னு காய்ச்சுனது. நீங்க சமையல்காரர்னு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. இன்னொரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஏத்துக்கிறேன்."

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. 'சளி பிடிச்சிருக்கு, சரியாத் தெரியல' என்று சொன்னால்கூடப் போதும். பாங் அக்காவின் கைபேசி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. மாஸ்டர் மறுபடி ஒரு வாய் குடித்தார். சூடு. வினிகர். மிளகு.

"ஊசிப்போச்சும்மா" என்றார். அந்த 'ம்மா'வைக் கனிவாக வேறு சொன்னார்.

 முதலாளி எல்லார் முன்னாலும் ருய்பிங்கைத் திட்டித் தீர்த்தான். அப்பா காலத்துப் பேரைக் கெடுத்துட்டீங்களே என்றான். கீழே போய், அண்டாச் சாற்றை அப்படியே பன்றிக்காரனுக்கு வைக்கும் கழிவுப் பீப்பாயில் கொட்டச் சொன்னான். கொட்டுகிற சத்தம் மாடிக்குக் கேட்டது. விருந்து முடிந்தது என்பதற்கு அடையாளமாக வரும் முட்டைச் சாறு கடைசியாக வந்தது. அதை யாரும் தொடவில்லை.

பிற்பகலில் லுங்மென் போனார்கள். மற்றவர்கள் பெரிய புத்தரைப் பார்க்கப் படியேறினார்கள். மாஸ்டருக்கு நிஜமாகவே முட்டி வலித்தது. ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்தார். சாய்லிங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

"அந்தச் சாறு நல்லாத்தான்யா இருந்துச்சு" என்றாள்.

அவர் முட்டியைத் தடவினார்.

"புத்தாண்டுக்கு முன்னாடி ஒருநாள் திரிஞ்ச பாலை மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு, டம்ளரைக் கழுவி வெச்ச. அன்னிக்கே தெரியும் எனக்கு. காறிப்போன எண்ணெயில நீ வறுத்ததை எல்லாம் நீ தூங்குனப்புறம் கொட்டிட்டு, வேற செஞ்சு வெச்சிருக்கேன்."

"ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். உன் மூக்கு, உன் பேச்சு. போறது போகட்டும்னு விட்டேன்." அவள் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள். "ஊறுகாயைச் சொன்ன, சரி, மெங்குக்கு அது ஒரு விளையாட்டு. அந்தப் பொம்பளை உன்கிட்ட ரெண்டாவது தடவை கேட்டாளே. நீ மூஞ்சியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த பாரு. உன்கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பார். குறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். மேலே படிகளில் பாங் அக்கா, "மாஸ்டர், குழுவுல எல்லாரும் உங்களைத்தான் பாராட்டுறாங்க" என்று கையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் மாட்டிறைச்சிச் சாறு குடிக்கக் கிளம்பியபோது, மாஸ்டர் தனியாகப் பழைய நகரத்துக்கு நடந்தார். முன்கதவு இன்னும் திறக்கவில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போனார். சமையலறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ருய்பிங் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் வேறு ஓர் ஆள் நின்றான். அவரைப் பார்த்ததும் அவள் கை நின்றது, எழுந்திருக்கவில்லை.

"என்ன ஐயா, முள்ளங்கியும் அழுகிப்போச்சான்னு பார்க்க வந்தீங்களா?"

"இல்லம்மா. நேத்து நான் சொன்னது பொய். எனக்கு மோப்பம் போயிருச்சு. போன குளிர்காலத்துலேர்ந்து ஒண்ணும் தெரியாது. உங்க சாறு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அவள் கேட்ட கேள்விதான் சுட்டது.

"அப்ப என் நாக்கு சரியாத்தான் இருக்கா?"

"ம்."

"நேத்து வீட்டுக்குப் போயி வெங்காயத்த மோந்து பார்க்குறேன், சோயாவை மோந்து பார்க்குறேன், என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு 'இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். பதினெட்டு வயசுல அடுப்புக்கு வந்தவ நான். ஒரே வார்த்தையில என் நாக்கை என்கிட்டேருந்து பிடுங்கிட்டுப் போயிட்டீங்க. எதுக்கு?"

"படம் பிடிச்சாங்க... எல்லாரும் பார்த்தாங்க..." என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்பது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் முதலாளியைக் கூப்பிட்டாள். மாஸ்டர் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். முதலாளியோ அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, உங்க பெரிய மனசு எனக்குப் புரியுது. பொம்பளை வேலை போயிரக்கூடாதுன்னு உங்க பேரையே கெடுத்துக்கிறீங்க. வேணாம். அவங்களை நான் அனுப்பல. கொஞ்ச நாள் காய் நறுக்கட்டும்."

"நான் சொல்றது நிஜம்ப்பா."

"பெரிய சமையல்காரங்க இப்படித்தான்."

 பொய்யைச் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பிய உலகம், உண்மையைக் கெஞ்சிச் சொன்னாலும் நம்ப மறுத்தது. அதிலும் புகழ்ச்சி வேறு.

ருய்பிங் எழுந்து போனாள். சந்தில் இருந்த கழிவுப் பீப்பாயைத் திறந்தாள். முதலாளி முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்திக்கொண்டான். முந்தின நாள் கொட்டிய சாறு, மற்ற கழிவோடு சேர்ந்து, சித்திரை வெயில் பட்டு நுரைத்துக் கிடந்தது. அதிலிருந்து வடித்து ஒரு கிண்ணம். அடுப்பிலிருந்து புதுச் சாறு ஒரு கிண்ணம். இரண்டையும் உள்ளே கொண்டுபோய் ஒரே சூட்டுக்கு ஆக்கி, எது எதென்று தெரியாதபடி அவர்முன் முக்காலியில் வைத்தாள்.

"எது எதுன்னு சொல்லுங்க."

அவர் இரண்டையும் மாறி மாறி முகத்தருகே கொண்டுபோனார். "தெரியல."

"நடிக்கிறாருக்கா" என்றான் முதலாளி பொத்திய மூக்கோடு.

மாஸ்டர் கைக்கு வந்த கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. நாக்கைச் சப்பி யோசித்தார்.

"இதுல கொஞ்சம் வினிகர் கூடுதல். இதுதான் புதுசா?"

அடுப்பில் நின்றவன் ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினான். இரண்டாவது வாய்க்குக் கிண்ணம் உயர்ந்தபோது ருய்பிங் அதைத் தட்டிவிட்டாள். கிண்ணம் சந்தில் உருண்டது. அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் பிடித்துக் கொடுத்தாள்.

"வாயக் கொப்புளிங்க. நல்லாக் கொப்புளிங்க."

அவர் கொப்புளித்தார். அவர் சட்டைமேல் அந்தக் கழிவு வழிந்திருந்தது. அதன் நாற்றம்கூட அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் தள்ளி நின்ற தூரத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

முதலாளி மூக்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "அக்கா, அடுப்புக்குப் போங்க" என்றான், முணுமுணுப்பாக. "நேத்து நான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருக்கணும். அவரு சொன்னாருன்னு குடிக்காமலே கொட்டுனேன்."

ருய்பிங் முன்துணியை இறுக்கிக் கட்டினாள். மாஸ்டர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அவள் ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை.

"படம் ஊர் பூராப் போயிருக்கு. அதுக்கு என்ன செய்வீங்கன்னு பாருங்க" என்றாள். "எனக்கு மதியச் சாப்பாட்டு வேலை கிடக்கு."

திரும்பும் ரயிலில், சீட்டுக்கட்டைப் பிரிக்கப்போன மெங்கின் கையைப் பிடித்து நிறுத்தி, மாஸ்டர் பாங் அக்காவிடம், "அந்தப் படத்தை எடுத்த மாதிரியே இன்னொண்ணு எடுங்க" என்றார். ஏதோ வேடிக்கை என்று பாங் அக்கா உற்சாகமாகக் கைபேசியை உயர்த்தினார். மாஸ்டர் பேசப் பேச அந்தக் கை கீழே இறங்கியது. சாய்லிங் கையை நீட்டி அதை மறுபடி உயர்த்திப் பிடித்தாள். மாஸ்டர் கடைசி வரை சொன்னார். கடையின் பெயரைச் சொன்னார், ருய்பிங்கின் பெயரைச் சொன்னார். கழிவுச் சாறு குடித்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை, அதை விட்டுவிட்டார்.



"நான்தான படியில நின்னு கூப்பாடு போட்டேன்" என்றார் பாங் அக்கா, தன் மடியைப் பார்த்தபடி.

"அப்ப என் முள்ளங்கி?" என்றார் மெங்.

"குருட்டாம்போக்குல சொன்னது."

"நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"தெரியாதுய்யா மெங். நிஜமாத் தெரியாது."

மெங் ஒருநாளும் மாஸ்டரிடம் தோற்று அடங்கியவரில்லை. இன்று அடிக்க இவ்வளவு நல்ல பிடி கிடைத்தும் அவர் அடிக்கவில்லை. "சரி விடு" என்று சீட்டைக் கலைத்துப் போட்டார். அந்த இரக்கத்தைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே, கதவோரம் நின்றுகொண்டார்.

இரண்டாவது படம் முதல் படத்தின் கால்வாசித் தூரம்கூடப் போகவில்லை. சில வாரங்கள் பாங் அக்கா அதைப் போகிற வருகிற குழுக்களில் எல்லாம் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். குடியிருப்பில் கண்டவர்கள், "மூக்கு எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று நோயாளியை விசாரிக்கிற குரலில் விசாரித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஆலைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தி வைக்கும் முன், வெளியூரிலிருந்து வந்த சமையல்காரன் ஆவி பறக்கும் கரண்டியோடு கூடத்துக்குள் வந்து, "இங்க சியாவ் மாஸ்டருன்னு ஒருத்தர் இருக்காராமே, அவரு பார்த்துச் சொன்னாத்தான் பரிமாறணும்னு சொன்னாங்க" என்று கேட்டான். அவனிடம் சொன்னவர் எந்தக் காலத்து ஆளோ. மணப்பெண்ணின் அப்பா விரைந்து போய் அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் மாஸ்டர் உட்கார்ந்திருந்த மேசையை ஒரு தடவை பார்த்தான். பிறகு கரண்டியைக் கையால் மறைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினான்.

மேசையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு எதையோ பேச ஆரம்பித்தார்கள். மாஸ்டர் காலித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காது நுனிவரை சூடேறியது.